‘தூக்கி இறக்குவதுதானே வேலை?’ – பாலே ஆடும் ஆண்களின் உடம்பும் மனசும்

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலே நடனத்தில் ஆணுக்கு அப்படி என்ன பெரிய வேலை, பெண்ணைத் தூக்குவதும் இறக்குவதும்தானே, ஒழுங்காக ஜிம்முக்குப் போகிறவன் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ள மாட்டானா, உடம்பும் மனசும் நொந்துபோகும் தொழில் என்பதெல்லாம் மிகைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தேன். கடைசி வரியைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டொரண்டோவில் இருக்கும் உங்கள் அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. முழுநேர பாலே பள்ளியில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் (அவன் விஷயத்தில் இது வெறும் பேச்சுவழக்கு இல்லை). வீட்டில் உங்களிடம் யோசனை கேட்கிறார்கள். ஆக, இந்தத் தொழில் ஒரு பையனை என்ன செய்யும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் ஆடுகிறவன் இல்லை. பிசியோதெரபிஸ்ட். இங்கிலாந்தில் ஒரு பாலே குழுவிலும், பிறகு ஒரு பயிற்சிப் பள்ளியிலுமாகப் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு பற்றி நான் சொல்வதை நம்பலாம். மனசைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி, சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு அவர்கள் பேசக் கேட்டது. முகம் தெரியாத நிலையில் மனிதர்கள் உண்மை பேசுவார்கள் என்பது என் அனுபவம். ஆனாலும் நான் மனநல மருத்துவர் இல்லை, அந்தப் பகுதியை அதற்குரிய அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜிம் விஷயம். ஐம்பது கிலோ இரும்பைத் தலைக்கு மேல் தூக்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இரும்பு வியர்க்காது, மூச்சு வாங்காது, பாதி வழியில் பயந்து விறைத்துப்போகாது. பெண் அப்படியில்லை. அவள் உடையில் பதித்த கற்கள் உள்ளங்கையைக் கீறும், வியர்வை வழுக்கும். தட்டு மாதிரி விரிந்த டூட்டூ பாவாடை போட்டிருந்தால் அவள் ஊன்றி நிற்கும் கால் இவன் கண்ணுக்கே தெரியாது. அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பதை அவள் இடுப்பில் வைத்த விரல்களால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பாவாடையே இவனை ஓரடி தள்ளி நிற்க வைத்துவிடும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் என்ன வித்தியாசமோ அதேதான் இங்கேயும். சுமை உடம்பைவிட்டு விலக விலக, அடிமுதுகு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சரியாகச் செய்தால் அது தூக்குவதே இல்லை, இரண்டு பேர் சேர்ந்து குதிப்பது. அவள் முழங்காலை மடக்கி எழும் அதே நொடியில் இவனும் மடக்கிய கால்களால் தரையைத் தள்ள வேண்டும். என்னிடம் தோள்வலியோடு வந்த ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். இருபத்திரண்டு வயது, ஜிம்மில் தன் எடைக்கு மேல் தூக்குகிறவன். தோளைச் சோதித்தால் வலுவில் குறையே இல்லை. ஒத்திகை வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். அவள் எழும்பி, கண்சிமிட்டும் நேரம் கழித்து இவன் தள்ளுகிறான். அதற்குள் அவள் எழும்பிய வேகம் தீர்ந்துவிடுகிறது, மிச்ச எடை முழுவதும் தோளில் இறங்குகிறது. அவன் சிகிச்சையில் பாதி, இசையோடு சேர்ந்து மூச்செடுக்கப் பழக்கியதுதான். அதைச் செய்தது நானில்லை, அவனுடைய ஒத்திகை ஆசிரியை. இறக்குவதும் சும்மா இல்லை. மேலே போனவளைப் பூனை மாதிரி சத்தமில்லாமல், விரல்நுனியில் நிற்கும்படி தரையில் விட வேண்டும். தசைகளுக்குத் தூக்குவதைவிட இந்த மெதுவான இறக்கம்தான் பெரிய அடி. அடுத்த நாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் செய்வது அதுதான்.

அப்புறம், தூக்குவதோடு இவன் வேலை முடிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்யாவில் நடன அமைப்பாளர் மரியஸ் பெட்டிபா உறுதிப்படுத்திய வடிவம்தான் இன்றும் மரபான இருவர் நடனத்துக்கு அடிப்படை. முதலில் இருவரும் சேர்ந்து மெதுவான பகுதி, அடுத்து ஆணின் தனியாட்டம், பிறகு பெண்ணுடையது, கடைசியில் இருவரும் வேகமாக. வரிசையைக் கவனியுங்கள். மெதுவான பகுதியில் சில நிமிடம் அவளைத் தூக்கி, தாங்கி, சுழற்றிவிட்டு, கை கால் நடுங்கும் நிலையில் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, உடனே இவனுடைய குதிப்புகள் ஆரம்பிக்கின்றன.

குதிப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். டூர் ஆன் லேர் என்று பிரெஞ்சில் பெயர். நின்ற இடத்திலிருந்து நேரே மேலே எழும்பி, காற்றில் இரண்டு முழுச்சுற்று சுற்றி, அதே இடத்தில் இறங்க வேண்டும். ஆண்களுக்கு இது அடிப்படைப் பாடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பு அரை மீட்டர் உயர்ந்தால் காற்றில் கிடைக்கும் மொத்த நேரம் 0.64 நொடி. அதற்குள் 720 பாகை சுற்றி முடித்து, இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பி, ஒன்றின் குதிகால் மற்றதன் விரல்களை ஒட்டி, பூட்டுப் போட்டதுபோல் மூடி நிற்க வேண்டும். இறங்கும்போது கால்கள் வாங்கும் அடி உடல் எடையைப்போல மூன்று நான்கு மடங்கு இருப்பது சாதாரணம். அந்த அடியைக் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் வரிசையாக மடிந்து வாங்கிக்கொண்டால் சத்தம் வராது. சத்தம் கேட்டால் யாரோ ஒருவர் தன் பங்கைச் செய்யவில்லை என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு வகுப்பறை வாசலில் நின்றாலே அடுத்த வாரம் என்னிடம் யார் வரப்போகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.

நான் முதன்முதலில் மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்த இரவை மறக்க முடியாது. இளவரசன் வேடத்தில் இருந்தவன் கடைசிப் பாய்ச்சலில் அப்படியே மிதந்து உள்ளே வந்தான். முகத்தில் சிரிப்பு, கழுத்து நிமிர்ந்து, கை நீண்டு இருந்தது. திரையைத் தாண்டிய அடுத்த அடியில் ஆள் இரண்டாக மடிந்தான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, மாரத்தான் ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குகிறான், மூக்கிலிருந்து வியர்வை தரையில் சொட்டுகிறது. உடை உதவியாளர் ஒருத்தி ஒன்றும் பேசாமல் கழுத்தைத் துடைத்துவிட்டாள். அவன் ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினான், காலணி அடியைப் பிசின் பொடியில் தேய்த்தான், இசையில் ஏதோ ஓர் இடத்தில் தலையை நிமிர்த்தினான். சிரிப்பு திரும்ப வந்து உட்கார்ந்தது. வெளியே போய்விட்டான். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இருக்காது. கைதட்டியவர்கள் யாருக்கும் அந்த நிமிடம் தெரியாது, தெரியவும் கூடாது என்பதுதான் இந்தக் கலையின் விதி. கால்பந்து வீரன் புல்லில் படுத்து வலியில் புரளலாம். பளு தூக்குபவன் கத்தலாம். இவன் சிரிக்க வேண்டும்.

ஸ்வீடன் அரச பாலே குழுவினரை வைத்துச் செய்து 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், தனியாட்டங்களின்போது அவர்கள் தங்கள் அதிகபட்ச ஆக்சிஜன் திறனில் சராசரியாக 80 சதவீதம் வரை செலவழித்தது தெரிந்தது. ஆனால் தினசரி வகுப்பு இந்த மூச்சுத்திறனைப் பெரிதாக வளர்ப்பதில்லை. வகுப்பில் ஒரு பயிற்சி செய்வார்கள், நிற்பார்கள், ஆசிரியர் திருத்துவார், மறுபடி செய்வார்கள். அதனால்தான் இப்போதெல்லாம் பல குழுக்களில் நடனத்துக்கு வெளியே சைக்கிள், நீச்சல், எடைப்பயிற்சி என்று தனியாக வைக்கிறார்கள். எடை தூக்கினால் உடம்பு தடித்துக் கோடு கெட்டுவிடும் என்று முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் பயந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட அந்தப் பயம் இருந்தது. இன்று அநேகமாக இல்லை.

உடம்பில் இன்னொரு விஷயம், நம்மவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பரதநாட்டியத்தில் அரைமண்டி உட்காரும்போது முழங்கால்கள் வெளிப்பக்கம் திரும்புகின்றன இல்லையா, பாலேயில் ஏறக்குறைய எல்லா அசைவுக்கும் அந்தத் திருப்பம் வேண்டும், குதித்து இறங்கும்போதும். திருப்பம் இடுப்புக்குழியிலிருந்து வர வேண்டும். எவ்வளவு வரும் என்பதில் பெரும்பங்கு பிறப்பிலேயே அமைந்த எலும்பின் கோணம். பயிற்சியால் தசையை வளர்க்கலாம், எலும்பை மாற்ற முடியாது. இடுப்பில் போதாத திருப்பத்தைப் பாதத்தைத் தரையில் ஊன்றி வலுக்கட்டாயமாக வரவழைத்தால், நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். துணி பிழிவது மாதிரி மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் முறுக்கும். ஆண்களுக்குப் பொதுவாக இடுப்பு இறுக்கம் கூடுதல் என்பதால் இந்தத் திருட்டுத்தனத்தை அவர்கள் அதிகம் செய்வார்கள் என்பது என் கணிப்பு. இது நான் பார்த்ததை வைத்துச் சொல்வது, ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரைமண்டியில் முழங்கால் வலிக்கிறது என்று வரும் பிள்ளைகளிடமும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

காயங்களின் கணக்கு என்ன? ஒரு பிரிட்டிஷ் பாலே குழுவின் 52 பேரை ஓராண்டு முழுக்கக் கவனித்து 2012-இல் வெளியிட்டார்கள். 1000 மணி நேர நடனத்துக்கு 4.4 காயம், ஆளுக்கு வருடத்தில் சராசரி 6.8. ஆண்களுக்குக் காயம் சற்று அதிகம், ஆனால் புள்ளியியல்படி அந்த வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் ஒரே நாளில் வந்த விபத்துகள் இல்லை, நாள்பட்ட அதிக உழைப்பால் வந்தவை. காலை பத்தரை வாக்கில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேர வகுப்பு, மாலைவரை ஒத்திகை, ஏழரைக்கு மேடை என்று வாரத்தில் ஆறு நாள் போனால் வேறென்ன ஆகும்? ஆண்களிடம் நான் அதிகம் பார்த்தவை குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அக்கிலிஸ் தசைநார் வீக்கம், முழங்கால் சில்லுக்குக் கீழே வலி, கணுக்கால் பிசகு, அடிமுதுகு, தோள். எலும்பில் மயிரிழை விரிசல்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தவை அவைதான். பகலெல்லாம் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதால் வைட்டமின் டி குறைபாடும் உண்டு. அதைக் குளிர்காலத்தில் கொடுத்துப் பார்த்தபோது குதிப்பும் கூடியது, காயமும் குறைந்தது என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. சிறிய ஆய்வு, அதனால் அதிசய மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். குறைபாடு இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

விரிசல் என்றதும் ஒருவன் ஞாபகம். முதன்முதலாக நாயகன் வேடம் கிடைத்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கெண்டைக்கால் இறுக்கம், கொஞ்சம் அழுத்திவிட்டால் போதும் என்று வந்தான். படுத்துக்கொண்டு முந்தைய நாள் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். கெண்டைக்காலை அழுத்திக்கொண்டே, வேறு எதற்கோ போவதுபோல் முன்கால் எலும்பின்மேல் ஒரு விரலை ஓட்டினேன். நடுவில் ஓரிடத்தில் அவன் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது. ஒரு நொடிதான். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்தான். நான் விரலை எடுக்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆறு வாரம் என்றான். முன்கால் எலும்பின் அந்தப் பக்கத்தில் வரும் விரிசல் லேசில் ஆறாது. கவனிக்காமல் குதித்துக்கொண்டே இருந்தால் முழுதாக முறியும். ஸ்கேன் பார்த்து, வேடத்திலிருந்து எடுத்து, எட்டு மாதம் உட்கார வைத்தோம். அவன் என்மேல் கோபப்பட்டான், நியாயம்தான். ஆறு வாரம் மறைத்ததற்கு யாரைக் குறை சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பத்து வயதிலிருந்து வலியை முகத்தில் காட்டாதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பிசியோவிடம் மட்டும் ஒழுங்காகச் சொல் என்றால் எப்படி?

நீங்கள் கேட்ட ‘தூக்குவதுதானே’ என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆரம்பத்தில் இது ஆண்களின் கலை. பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னரே 1653-இல் சூரியன் வேடம் போட்டு ஆடினார், 1661-இல் நடனத்துக்குக் கழகம் அமைத்தார். பாரிஸில் தொழில்முறைப் பெண்கள் மேடை ஏறியது 1681-இல்தான். அதுவரை பெண் வேடமும் ஆண்களே போட்டார்கள், நம் பழைய நாடகக் கம்பெனிகளைப்போல. 1832-இல் மாரி தாலியோனி என்ற நடனக் கலைஞர் விரல்நுனியில் நின்று தேவதையாக ஆடிய பிறகு காற்று திரும்பியது. பாரிஸ் ரசிகர்களுக்கு ஆண் ஆடுவதே பிடிக்காமல் போய், அவன் சுமைதாங்கி ஆனான். 1870-இல் கொப்பேலியா என்ற பாலே அரங்கேறியபோது கதாநாயகன் வேடத்தையே ஒரு பெண்தான் ஆடினாள். டென்மார்க்கில் ஆகஸ்ட் பூர்னோன்வீல் என்ற நடன அமைப்பாளரும், ரஷ்யாவில் அரச அரங்குகளும் ஆண் ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1909-இல் ரஷ்யக் குழு பாரிஸுக்கு வந்து நிஜின்ஸ்கி குதித்துக் காட்டியபோதுதான் மேற்கு ஐரோப்பா தான் தொலைத்ததைத் திரும்பிப் பார்த்தது. 1961-இல் சோவியத் நடனக் கலைஞர் நூரியேவ் பாரிஸ் விமான நிலையத்தில் சோவியத் காவலர்களிடமிருந்து விலகி அடைக்கலம் கேட்டார். அவர் வந்த பிறகு ஆண் வேடங்களின் தனியாட்டங்கள் நீண்டன, கடினமாயின. பையன்களிடம் இன்று எதிர்பார்க்கும் அளவுக்கு அவரும் ஒரு காரணம்.

இனி மனசு. எல்லோரும் முதலில் கேலியைப் பற்றித்தான் கேட்பார்கள், அது உண்மையும்தான். 2019-இல் பிரிட்டிஷ் இளவரசர் குடும்பத்து ஆறு வயதுப் பையன் பாலே கற்கிறான் என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிரித்துப் பேசினார்கள். சில நாளில் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடித் தெருவிலேயே வகுப்பு நடத்திப் பதில் சொன்னார்கள். நியூயார்க் நகர பாலேயின் எட்வர்ட் வில்லெல்லா கடல்சார் கல்லூரியில் குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்தவர். அந்தத் தகவலை அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் எழுதுவார்கள். ஆண்மைக்குச் சான்றிதழ் காட்டுவது மாதிரி அதை எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் பள்ளியில் அடி வாங்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது தெம்பு கொடுக்கும் என்றால் நான் யார் மறுக்க? மற்றபடி, முழுநேரப் பள்ளிக்குள் வந்துவிட்டால் கேலி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பையன்கள் குறைவு என்பதால் இடமும் உதவித்தொகையும் வேலையும் அவர்களுக்குப் பெண்களைவிடச் சுலபமாகவே கிடைக்கின்றன. அதே திறமையுள்ள பெண் பல மடங்கு போட்டியில் நிற்கிறாள்.

நான் பார்த்தவரை அவர்களை உள்ளே அரிப்பது வேறு. சுவர் முழுக்கக் கண்ணாடி உள்ள அறையில் இருபது வருடம் தன்னையே பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் இவர்கள் தினசரி வேலை. திருத்தம் கிடைத்தால் மட்டம் தட்டியதாகத் தோன்றும். கிடைக்காவிட்டால் ஆசிரியர் கைவிட்டுவிட்டார் என்று இன்னும் பெரிய பயம். வேடப்பட்டியல் ஒட்டும் நாளில் சிகிச்சை அறைக்கு வருபவர்கள் எண்ணிக்கை கூடும். பெயர் இல்லாதவர்களுக்கு அன்று முதுகு வலிக்கும். நடிப்பு என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே வலிக்கும். உயரமும் ஒரு கவலை. பெண் விரல்நுனியில் ஏறினால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவாள், அவளுக்குத் துணைநிற்க இவன் உயரமாக வேண்டும். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரரான பாரிஷ்னிகோவ் 168 சென்டிமீட்டர்தான், அவருக்கும் அந்தக் குறை சொல்லப்பட்டது. அவர் அளவுக்கு ஆடினால் உலகம் உயரத்தை மறந்துவிடும், மற்றவர்களுக்கு மறக்காது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பட்டினி பெண் கலைஞர்களின் பிரச்சினை என்று. எரிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் ஆணுக்கும் ஹார்மோன் குறையும், எலும்பு மெலியும், காயம் ஆறாது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்குப் பெயர் வைத்தபோதே ஆண்களையும் சேர்த்துத்தான் சொன்னது. பெண்ணிடம் மாதவிலக்கு நிற்பது எச்சரிக்கை மணி மாதிரி, யாராவது கவனிப்பார்கள். பையனிடம் அப்படி எந்த மணியும் அடிப்பதில்லை. மேல்சட்டை இல்லாமல் ஆடும் வேடம் வந்தால் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுவான், வீட்டில் ஒழுக்கம் என்று பாராட்டுவார்கள்.

நிஜின்ஸ்கியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வி வந்தாலே யாராவது அவரை இழுப்பார்கள். 1919-இல், முப்பது வயதைத் தொடும் முன்பே, மனச்சிதைவு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 1950-இல் இறக்கும்வரை அவர் மேடைக்குத் திரும்பவில்லை. இவ்வளவுதான் உறுதியாகத் தெரிந்தது. நடனம்தான் அவரைப் பைத்தியமாக்கியது என்பது கதை. அவர் அண்ணனும் மனநலக் காப்பகத்தில் இருந்தவர். அந்த நோய் வங்கி வேலை பார்ப்பவர்களுக்கும் வருகிறது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ‘நான் ஆடுகிறேன், அதனால் இருக்கிறேன்’ என்று பத்து வயதிலிருந்து வாழ்ந்தவனுக்கு எட்டு மாதக் காயம் வெறும் காயமாக இருப்பதில்லை. விரிசல் வந்த அந்தப் பையன் நான்காம் மாதத்தில் ஒருநாள், வீட்டில் தேநீர் போடும்போது தான் எப்படி நிற்பது என்று தெரியவில்லை என்றான். காலைச் சொல்கிறான் என்று நினைத்தேன். காலைச் சொல்லவில்லை. அன்றே குழுவின் உளவியலாளரிடம் அனுப்பினேன். இரண்டு மாதம் முன்பே அனுப்பியிருக்க வேண்டும்.

முடிவும் சீக்கிரம் வந்துவிடும். பாரிஸ் ஓபெராவில் 42 வயதில் ஓய்வு, அதுவும் ஓய்வூதியத்தோடு. அந்தச் சலுகை பறிபோகும் என்றுதான் 2019 டிசம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, குளிரில் அரங்கின் வாசலிலேயே ஆடினார்கள். பல நாடுகளில் அதுவும் கிடையாது. முப்பத்தைந்துக்கு மேல் குதிப்பு குறைகிறது, வேடத்தின் நுணுக்கமோ அப்போதுதான் பிடிபட ஆரம்பிக்கிறது. இந்தக் கொடுமையை எந்தப் பயிற்சியும் சரிசெய்யாது. நூரியேவ் நோயோடு ஐம்பது தாண்டியும் விடவில்லை. 1991 பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கும் அளவுக்குப் போனது. பாரிஷ்னிகோவ் நாற்பதுகளில் நவீன நடனத்துக்கு மாறிக்கொண்டார். தரையோடு ஆடும் நடனம், முழங்காலுக்கும் சம்மதம்.

சரி, உங்கள் அக்கா மகனுக்கு வருகிறேன். பதின்மூன்று தாமதமா என்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்குச் சொல்லும் கணக்கு பையன்களுக்குக் கொஞ்சம் நெகிழ்வானது. நூரியேவ் லெனின்கிராட் பள்ளியில் சேர்ந்தபோது 17, அதற்கு முன் ஊரில் ஆடிய பழக்கம் இருந்தது. தில்லிப் பையன் கமல் சிங் 17 வயதில்தான் பாலேயே தொடங்கினார், 2020-இல் லண்டனில் ஆங்கில தேசிய பாலே பள்ளிக்குப் போனார். இதெல்லாம் விதிவிலக்குகள்தான், ஆனால் கதவு மூடவில்லை. டொரண்டோவிலேயே 1959-இல் தொடங்கிய தேசிய பாலே பள்ளி இருக்கிறது, அங்கே பள்ளிப்படிப்பும் நடனமும் சேர்ந்தே நடக்கும். எந்தப் பள்ளியாக இருந்தாலும் அக்காவை இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்த வயதில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆட வைக்கிறார்கள், பிசியோ அங்கேயே இருக்கிறாரா, தூக்கும் பயிற்சியை எந்த வயதில் எந்தத் தயாரிப்போடு தொடங்குகிறார்கள், ஆண்டு மதிப்பீட்டில் வெளியே அனுப்பப்படும் பையன்களுக்கு என்ன ஏற்பாடு. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் யோசியுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று வருடம் அவன் மளமளவென்று வளர்வான். எலும்பு முன்னால் ஓடும், தசை பின்னால் இழுபடும். நேற்றுவரை வந்த சுழற்சி இன்று வராது, கால் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள முண்டிலும் வலி வரும். திறமை போய்விட்டது என்று அவன் அழும் காலம் இது. போகவில்லை, ஆறு மாதம் பொறுத்தால் திரும்பி வரும் என்று யாராவது வீட்டில் சொல்ல வேண்டும். ஒன்றில் மட்டும் பொறுக்கக் கூடாது. பின்னால் வளையும்போது அடிமுதுகில் வலி வந்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்க்காமல் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வயதில் முதுகெலும்பில் விரிசல் அப்படித்தான் ஆரம்பிக்கும், சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆறிவிடும்.

இன்னொன்று. வலிக்கிறதா என்று அவனிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, இல்லை என்றுதான் சொல்வான். காலையில் எழுந்ததும் மாடிப்படி இறங்குவதை அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள். கால்கள் சூடாகும் முன், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் இறங்கும்போது மறைக்கத் தோன்றாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினால், அன்றைக்கு வகுப்பு வேண்டாம், நேரே பிசியோவிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.